ஃபைட்டருக்குத் துணை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடுகண்ணாவையில் பேக்கரி, பிறகு லொறி, பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரு வளர்ப்பு மீன் கடை. மீன் கடையில் ஏழு மாதம் தாக்குப்பிடித்தேன். ஆட்கள் என்னிடம் யோசனை கேட்ட ஒரே வேலை அதுதான்.

ஒரு நாள் ஓர் உம்மா வந்தார். மகள் கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போகும்போது தன் நீல ஃபைட்டர் மீனை அவரிடம் விட்டுப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் அதைக் காட்டச் சொல்வாளாம்.

"தனியா ஈக்கிது மகன், பாக்கப் பாவம். துணைக்கு எதப் போடலாம்? நீங்களே செல்லுங்க."

ஃபைட்டருக்குத் துணை ஆகாது. அதன் நீண்ட வாலைக் கண்டால் டைகர் பார்ப் மீன் கடிக்காமல் விடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டு, செத்த ஃபைட்டரை வலையால் அள்ளியவன் நான். ஆனால் அன்று மூன்று டைகர் பார்ப் விலைபோகாமல் கிடந்தன. "அதுகள யார் தலையிலயாவது கட்டி அனுப்பு" என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார்.

"இதப் போடுங்க உம்மா, நல்லா ஓடி வெளையாடும்" என்றேன்.

பத்து நாள் கழித்து ஃபைட்டரை ஜாம் போத்தலில் கொண்டுவந்தார். வால் நார்நாராகக் கிழிந்திருந்தது. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"நான்தான் தண்ணிய ஒழுங்கா மாத்தல்ல போல. மகள் கேட்டா என்ன செல்ற?"

தண்ணீரில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். மருந்துக் குப்பியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அந்நேரம் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "அண்ணே, ஃபைட்டரோட வேற என்ன மீன் விடலாம்?"

"ஒண்ணும் வேணாங்க. தனியா இருந்தாத்தான் அது உசுரோட இருக்கும்."

யோசிக்காமல் வந்துவிட்டது. உம்மா என்னைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு ஏன் மகன் இதச் செல்லல்ல?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுங்க உம்மா."

நம்பிவிட்டார். "தெரியாமத்தானே, பரவால்ல" என்றார். மூன்று டைகர் பார்ப்பையும் அன்றைக்கே வேறாக்கச் சொன்னேன். மருந்தை எத்தனை சொட்டு விடுவது என்று கேட்டுக்கொண்டு, "அடுத்த கிழம கொண்டு வந்து காட்டுறேன் மகன்" என்று போனார்.

அடுத்த கிழமை நான் அந்தக் கடையில் இல்லை. முதலாளியிடம் தெல்தோட்டையில் வேறு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னேன். அதுவும் பொய். இன்றும் பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும்போது கடை இருக்கும் பக்கம் நான் உட்காருவதில்லை.