வாளித் தண்ணீர் விசுவாசம்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள். லட்சுமணன் கொஞ்சம் கூடுதலாகவே நினைத்துத் தொலைத்தான்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், செங்கம் போகிற ரோட்டில், எதிரெதிரே இரண்டு ஜவ்வரிசி மில். நடுவில் பஸ் ஸ்டாப், ஓரத்தில் என் டீக்கடை. மரவள்ளிக்கிழங்கு கழுவிய தண்ணீர் புளித்து நாறிக்கொண்டு ஓடையில் விழும். ஒரு மில் ரங்கசாமியுடையது. லட்சுமணன் அங்கே பம்ப் ஆபரேட்டர். அவன் மனைவி கலைவாணி பிரசவ வலியில் துடித்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர் முதலாளி. அவர் என்றால் அவனுக்கு உயிர்.

இரண்டு வருஷம் முன்பு அரசு உத்தரவு ஒன்று வந்தது. வெளியே விடும் தண்ணீரில் எவ்வளவு அழுக்கு என்பது ஊருக்கே தெரிய வேண்டுமாம். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒரு கருவியும் வாசலில் ஒரு போர்டும் வைத்தார்கள். அளவு மீறினால் எழுத்து சிவப்பாகும். முதல் நாளே இரண்டு மில் போர்டும் சிவந்தன. பஸ்ஸுக்கு நின்றவர்கள் படித்துவிட்டுக் கேலி பேசினார்கள். ரங்கசாமி அப்போது வெளியூரில் இருந்தார்.

வீட்டு விஷயம் வீதிக்கு வரலாமா என்று லட்சுமணனுக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் கருவியைத் தூக்கி ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரில் போட்டுவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இந்த மடையன் ஓடை நாற்றத்தையே வாளியில் மறைத்தான். முதலாளி திரும்பி வந்தபோது போர்டு பச்சையாக இருந்தது. அவரும் நம்பினார், முதல் நாள் சிவந்தது ஏதோ கருவிக் கோளாறு என்று நாங்களும் நம்பினோம்.

எதிர் மில் தேவராஜுக்கு ஒளிய இடமில்லை. ஊர் கேட்டது. ஜவ்வரிசி வாங்குகிற கம்பெனிக்காரர்களும் போர்டில் வரும் அளவைப் போனிலேயே பார்த்துவிட்டுக் கேட்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்ன அலைந்து திரிந்து, அதே கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு எரிவாயு எடுக்க ஏற்பாடு செய்தார் மனுஷன். போர்டு பச்சையானது, ஜவ்வரிசி வறுக்கிற அடுப்புக்கு விறகு வாங்குவதும் நின்றது. அந்தத் தொட்டி கட்டுகிறவர்கள் ரங்கசாமியிடமும் வந்தார்கள். அவர் போர்டைக் காட்டி, நம்ம தண்ணிதான் நல்லா கீதே, எனக்கு இன்னாத்துக்கு என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்த வருஷம் அதிகாரிகள் ஓடைத் தண்ணீரையே எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். வாளி அகப்பட்டது. மில்லுக்குச் சீல் வைத்தார்கள். வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தேவராஜிடம் போய்விட்டார்கள்.

பூட்டிய கேட்டுக்கு முன்னால் லட்சுமணன் முதலாளி காலில் விழுந்தான். உங்க மானத்துக்காகத்தான் செஞ்சேன் என்று அழுதான். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும். ரங்கசாமி அவனைத் தூக்கி நிறுத்தி, தோளில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"அந்த செவப்ப ஒரே ஒரு நாளு நான் பார்த்திருந்தா போதும், லட்சுமணா. தேவராஜுக்கு முன்னாடி நான் அந்தத் தொட்டிய கட்டியிருப்பேன். வெக்கப்படக்கூட நீ என்ன வுடலியேடா."