முடிச்சவிழ்க்கி

புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வந்த சட்டையை மேஜையில் விரித்து, காலர் கோணலா, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா என்று பார்த்து, குறை உள்ள இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த வேலையை விட்டுக் கோவில்பட்டியில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்க ஆரம்பித்த பிறகும் கண் மட்டும் வேலையை விடவில்லை. மல்லிப் பொடியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். யாராவது என்னைக் காரணமில்லாமல் புகழ்ந்தால், அன்றைக்கு முழுக்க அதற்குக் காரணம் தேடுவேன்.

என் மகளுக்கு முதலில் வந்த சம்பந்தத்தை அப்படித்தான் பிடித்தேன். சொந்த வீடு என்றார்கள். நான் பஸ் ஏறிப் போய், அவர்கள் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே விசாரித்தேன். வாடகை வீடு. அதோடு அது முடிந்தது. எனக்குப் பெருமை, மகளுக்குக் கோபம். வீடு யாருடையதாக இருந்தால் என்ன என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்தது எட்டயபுரத்துச் சம்பந்தம். பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பூ வைக்க நாள் குறித்த அன்றே என் கையைப் பிடித்து, "இதையும் கெடுத்துராதம்மா" என்றாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

பூ வைக்கிற சேலையைப் பிளவுஸ் தைப்பதற்காக ஒரு வாரம் முன்னாலேயே பையனின் அப்பா கொண்டுவந்தார். கூடவே ஒரு பெட்டி கடம்பூர் போளி. என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருந்தார். அரக்கு நிறத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடிச் சேலை. தன் வீட்டுக்காரி மதுரைக்காரி என்றும், கல்யாணமாகி எட்டயபுரம் வந்த பிறகும் மதுரையிலிருந்து வெள்ளைத் துணி வரவழைத்துப் புள்ளி கட்டிக் கொடுக்கிறாள் என்றும் சொன்னார். இதில் ஒவ்வொரு புள்ளியும் அவள் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டதாம். சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சை இழுத்தால், உள்ளே சாயம் ஏறாத இடம் வெள்ளையாக நிற்கும். போளியை மோந்து பார்த்துக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் போட்ட போளிதான். அது வேறு சந்தேகமாக இருந்தது, எதை மறைக்க இவ்வளவு நல்ல போளி என்று.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டே, "முடிச்சு பத்திரம், தங்கச்சி" என்றார்.

எந்த முடிச்சு? இன்னும் தாலியே கட்டவில்லை. நாங்கள் பேச்சு மாறிவிடுவோம் என்று பயப்படுகிறாரா, இல்லை எங்களை மிரட்டுகிறாரா என்று சாயங்காலம் வரை மண்டை குடைந்தது.

மறுநாள் மகள் தான் டீச்சராக இருக்கிற ஸ்கூலுக்குப் போனதும், துணி வெட்டுகிற மேஜையில் சேலையை விரித்தேன். சட்டைக்குப் பார்க்கிற மாதிரியே மேலிருந்து கீழாகப் பார்த்தேன். கட்டிச் சாயம் போட்ட துணியில் புள்ளிக்குப் புள்ளி சின்னச் சின்னதாகப் புடைத்துக்கொண்டு, சேலை முழுக்கச் சுருங்கி இருக்கும். இது அப்பளம் மாதிரித் தட்டையாக இருந்தது. ஒரு புடைப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. கடையில் சுங்குடி என்று கொடுக்கிறதில் பாதி மெழுகு வைத்து அச்சுக் குத்தினது என்று எனக்குத் தெரியாதா? இதையா கையால் கட்டினாள்?

சேலையிலேயே பொய் சொல்கிறவர்கள் பையன் சம்பளத்தில் சொல்ல மாட்டார்களா? மகள் வந்ததும் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். "முடிச்சவிக்கிக் குடும்பம்ட்டி இது. பாத்து ஏமாந்துராத" என்றேன். எங்கள் பக்கம் மடியில் முடிந்து வைத்திருக்கிறதை அவிழ்த்துக்கொண்டு ஓடுகிற திருடனுக்கு அதுதான் பெயர். அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

அடுத்த நாள் பிளவுஸ் துணியை வெட்டி எடுக்கும்போதுதான் முந்தி ஓரத்தில், உள்பக்கம் மடிந்திருந்த இடத்தில் அதைப் பார்த்தேன். மிளகு அளவுக்கு ஒரே ஒரு முடிச்சு, சாயம் குடித்து விறைத்த நூலோடு. என் கண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. அச்சுச் சேலையில் ஒரு முடிச்சை மட்டும் போட்டு வைத்து, கையால் கட்டியதாக நம்ப வைக்கப் பார்க்கிறார்கள். என்னிடமா? நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்தேன். ஒரே வெட்டு. நூலைக் குப்பையில் போட்டேன்.

உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி, கூம்பி நின்றது. அதை அமுக்கித் தேய்த்துவிடலாம் என்று அயர்ன் பாக்ஸைச் சூடு பண்ணிவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் தெளித்தேன். தண்ணீர் பட்ட இடமெல்லாம் சேலை அசைந்தது. தட்டையாகக் கிடந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து புடைத்தன. ஒன்று இன்னொன்று மாதிரி இல்லை. ஒன்று சதுரம், ஒன்று கோணல், ஒன்றில் நூல் சுற்றிய தடம்கூடத் தெரிந்தது. அவ்வளவும் கை முடிச்சு. யாரோ பாடுபட்டு இஸ்திரி போட்டு அமுக்கியிருக்கிறார்கள். அதை நான் பொய் என்று படித்திருக்கிறேன்.

சாயங்காலம் மகள் சிரித்த முகத்தோடு வந்தாள். பையனின் அம்மா போன் பண்ணினாளாம். கசங்கின சேலையைத் தட்டில் வைத்தால் கோவில்பட்டியில் பழசு என்று நினைப்பார்களே என்று, அரை நாள் உட்கார்ந்து இஸ்திரி போட்டாளாம். முந்தியில் ஒரே ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்காமல் விட்டிருக்கிறாளாம். அவர்கள் வீட்டு வழக்கம் அது. கடைசி முடிச்சை, வருகிற பெண்தான் சபையில் இழுத்து அவிழ்க்க வேண்டுமாம்.

"முடிச்சு இருக்குல்லம்மா?" என்றாள்.

"இருக்கு" என்றேன்.

நான் சொன்ன ஒரே பொய் அது இல்லை. ஆனால் அதற்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் புள்ளியைக் கிள்ளிப் பிடித்து, என் நூல்கண்டில் இருந்த அரக்கு நூலைச் சுற்றி, தையல்காரி போடுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்கள். பாயில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, மகளுக்குப் பூ வைத்தார்கள். சேலையைக் கட்டிக்கொண்டு வந்ததும் பையனின் அம்மா முந்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது முடிச்சைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். என் நூல் பாலியெஸ்டர். ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. அவள் விரல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள்.

மகள் இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். என் அண்ணன் மனைவி, கத்தரி எடுத்து வரட்டுமா என்றாள். நல்ல காரியத்தில் கத்தரியா என்று யாரோ அதட்டினார்கள். மகள் முகம் சுண்டிவிட்டது. கல்யாணம் என் ஒரு முடிச்சில் தொங்குவது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது பையனின் அம்மா வாயைத் திறந்தால் போதும்.

அவள் தரையில் உட்கார்ந்து, முந்தியை மடியில் வைத்து நகத்தால் நெருடினாள். அவசரமே படவில்லை. தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இப்படி இறுக்குனா பிள்ளை எப்படி மதினி அவிப்பா?"

கடைசிச் சுற்றை மட்டும் விட்டுவைத்து, நுனியை மகள் விரலில் கொடுத்து இழுக்கச் சொன்னாள். நூல் வந்தது. குலவைச் சத்தம் கேட்டது. சாப்பாட்டுப் பந்தியிலும் பஸ் ஏறுகிற வரையிலும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது சொல்வாள், யாரிடம் சொல்வாள் என்று. அவள் மீதிப் பூவை எடுத்து என் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு மகள் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரலில் என் அரக்கு நூல் இன்னும் சுற்றியிருந்தது. அதைக் கழற்றி, தையல் மிஷின் மேல் இருந்த நூல்கண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளும் என் மகள்தானே.

"யாரும்மா முடிச்சவிக்கி?" என்றாள்.

"நான்தாம்ட்டி" என்றேன்.