நாற்பத்தொன்றாம் குப்பி

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சுவராஜ்யலட்சுமிக்குப் பத்தொன்பது வருஷ வேலை. ஒரே மருந்தை அறுபது கரைப்பான்களில் கரைத்து, குப்பிகளின் வாயை அலுமினியத் தாளால் மூடி, ஊசியால் துளையிட்டு, படிகம் கட்டுகிறதா என்று பார்ப்பாள். பழைய படிகத்தின் காப்புரிமை வேறொரு கம்பெனியிடம். புது வடிவம் கிடைத்தால் இவர்களுக்கு வழி பிறக்கும். கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் பேரும் வரும். அவளுக்கு அந்தப் பேர் போதும். வெறும் டெக்னீஷியனாகவே ரிட்டையராக மனமில்லை.

நாற்பத்தொன்றாம் குப்பியில் கண்ணாடி ஊசிகளாக நின்றது படிகம். மேலதிகாரி சேஷகிரி வழக்கம்போல, "உலர்த்தி எக்ஸ்ரேக்கு அனுப்பும்மா" என்றார்.

"சூடு காட்டினா செத்துரும் சார். கரைப்பானும் உள்ளயே குடியிருக்கு."

"உன்கிட்ட வந்து சொல்லுச்சாக்கும்! இங்கே ஈரத்தோட எதுவும் போகாது."

உலர்ந்ததும் ஊசிகள் அரிசிமாவாய் வெளுத்தன. பழைய வடிவம்தான் என்றது எக்ஸ்ரே.

அவர் திருப்பதி போன வாரம் அவள் மறுபடி வளர்த்து, ஈரத்தோடேயே அனுப்பினாள். புது வடிவம்! என்ன செய்தாள், ஏன் செய்தாள், இரண்டையும் நோட்டில் எழுதினாள். திரும்பி வந்த சேஷகிரி, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே, போனில் தரிசன வரிசையைத் திட்டிக்கொண்டே பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார்.

காப்புரிமை மனுவில் மூன்று பேர். முதல் பேர் சேஷகிரி. அவள் பேர் இல்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"இது என் யோசனைன்னு எழுதியிருக்கேன். கீழே உங்க கையெழுத்துதானே சார்?"

"யாரும்மா படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறாங்க?" சிரித்தபடி ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'சொன்னதைச் செய்தேன், யோசனை என்னுடையதல்ல.' கீழே அவள் கையெழுத்து. உகாதிக்கு முதல் நாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று லீவு தாள்களோடு சேர்த்துப் போட்டது.

"நீ மட்டும் படிச்சியா?"

அவள் நோட்டை மூடினாள். திரும்பி வந்து அடுத்த மருந்தின் குப்பிகளை மூடித் துளையிட்டாள். அன்று நோட்டில் என்ன செய்தாள் என்பதை மட்டும் எழுதினாள். ஏன் என்பதை எழுதவில்லை.

சாயங்காலம் அந்தப் பக்கத்திலும் சேஷகிரி கையெழுத்துப் போட்டார்.