லேமினேட் செய்த சான்றிதழ்கள்

நான் சந்தேகப் பிராணி. இதை வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. சர்ச்சில் பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்ததும் என் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறவள் நான். ஆண்டவர் மன்னிப்பார், பர்ஸ் போனால் திரும்ப வராது.

அப்பேர்ப்பட்டவளுக்கு மாலத்தீவில் வேலை கிடைத்தது. குரோம்பேட்டைப் பள்ளி ஒன்றில் பத்து வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய ஒரு சின்னத் தீவில், அரசுப் பள்ளிக்கு டீச்சர் வேண்டுமாம். வீடு தருவார்களாம். புருஷனையும் நான்கு வயசு மகளையும் கூடவே அழைத்துக்கொண்டு போகலாமாம். இத்தனை நல்லது ஒரே இடத்தில் வந்தால் யாருக்குத்தான் உறுத்தாது?

முதலில் ஏஜென்ட்டைச் சந்தேகப்பட்டேன். கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். அவர் அனுப்பிய வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, சுவர் காலண்டரில் எந்த ஊர் எழுத்து இருக்கிறது என்று பார்த்தேன். தீவுப் பள்ளியின் தலைமையாசிரியை வீடியோ காலில் வந்தபோது, "கொஞ்சம் ஜன்னல் பக்கம் காட்டுங்க மேடம்" என்று ஆங்கிலத்தில் கேட்டேவிட்டேன். பாவம், அந்த அம்மாளும் போனைத் திருப்பிக் கடலைக் காட்டினார். கடலைப் பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடல் கோவளத்திலும்தான் இருக்கிறது.

"மேடம், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுத்துடுங்க. டெல்லிக்கு அனுப்பி அட்டஸ்டேஷன் வாங்கணும்" என்றார் ஏஜென்ட். சான்றிதழ் போலி இல்லை என்று அதன் பின்பக்கத்தில் முத்திரை குத்தி வாங்குவதற்குத்தான் அந்தப் பெயர். ஒரிஜினலா? தாலியைக் கழற்றிக் கொடு என்றால்கூட அத்தனை அதிர்ந்திருக்க மாட்டேன். இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் இழுத்தடித்தேன்.

அதற்குள் சந்தேகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசர். வஞ்சிர மீனை எந்த எண்ணெயில் வறுக்க வேண்டும் என்று அரை மணி நேரம் வாதாடுகிற மனுஷன். அவரிடம் ஊரை விட்டு, வேலையை விட்டு, தீவுக்குப் போகலாமா என்று கேட்டால், "உன் இஷ்டம்மா" என்கிறார். குழந்தையை அங்கே பள்ளியில் சேர்ப்பதா? உன் இஷ்டம். அஸ்தினாபுரம் வீட்டைக் காலி செய்வதா, பூட்டிவிட்டுப் போவதா? உன் இஷ்டம். பிடி கொடுக்காமல் பேசுகிறவனிடம் ஏதோ இருக்கிறது என்பது என் அனுபவம். என் குடும்பமாக விசா வாங்கிப் போனால் அவர் உடனே வேலைக்குப் போக முடியாது. பொண்டாட்டி ஸ்கூலுக்குப் போக, தான் வீட்டில் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருக்க எந்த ஆம்பிளை சம்மதிப்பான்? போதாததற்கு, போன் வந்தால் பால்கனிக்குப் போய்ப் பேச ஆரம்பித்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை ஏஜென்ட் போன் செய்தார். திங்கட்கிழமைக்குள் ஒரிஜினல் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடுமாம். சரி, கொடுத்துத் தொலைப்போம் என்று பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தேன். எடுத்ததும் கனமாக இருந்தது. திறந்து பார்த்தால், என் டிகிரி, பி.எட்., மார்க் ஷீட்டுகள், கல்யாணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பளபளவென்று, விறைப்பாக, பிளாஸ்டிக்குக்குள் கிடந்தன. ஒன்று விடாமல் லேமினேட் செய்யப்பட்டிருந்தன.

"யார் வேலை இது?"

"நான்தான்" என்றார், ஏதோ பரிசு கொடுத்தவர் மாதிரி. "உப்புக்காத்துல பேப்பர் என்னாத்துக்கு ஆவும்? வெள்ளத்தப்போ பட்ட பாடு மறந்துட்டியா? ஃபேனுக்குக் கீழ ஒவ்வொண்ணா காய வெச்சோமே."

மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெள்ளம் பார்த்த வீடுகளில் ரேஷன் கார்டிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வரைக்கும் லேமினேட் செய்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. முத்திரை குத்த வேண்டிய பேப்பர் என்று இவருக்குத் தெரியாதா? ஏஜென்ட் சொன்னபோது பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தார்!

"வேணும்னேதானே பண்ணீங்க? போக வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே!"

அவர் முகம் செத்துவிட்டது. அதையும் நான் ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஏஜென்ட் அந்தக் கத்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்? சீல் எங்க குத்துறது, பிளாஸ்டிக் மேலயா?" டூப்ளிகேட்டுக்கு யுனிவர்சிட்டியில் எழுதிப்போட்டால் மாதக்கணக்கில் ஆகும். அவரே தீவுப் பள்ளியில் பேசி இரண்டு வாரம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். திருடன் என்று நான் நினைத்த மனுஷன் எனக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

வேலை போனால் போகிறது, குரோம்பேட்டை எங்கேயும் ஓடிவிடாது. ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷன் என் காலை வாரிவிட்டானா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது தெரியாமல் ஒரு குழந்தையையும் தூக்கிக்கொண்டு, நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் போய் இவரோடு எப்படிக் குடித்தனம் செய்வது? கம்பெனியில் இவருக்கு ஏதோ புரமோஷன் வந்திருக்கிறது, அதை மறைக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் திருமுடிவாக்கம் போனேன். கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடையில் துப்பறிகிறவள் மாதிரி உட்கார்ந்தேன்.

டீ வருவதற்குள் பிடிபட்டேன். குழந்தையின் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்திருந்த வெல்டர் ஒருவர், "இன்னாக்கா, இங்க உக்காந்துகினு கீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"அண்ணனைப் பாக்கத்தான்" என்று சமாளித்தேன்.

"அண்ணன் சைட்டுக்குப் போய்க்கீறாரு. இன்னும் ரெண்டு வாரந்தான், அப்பால யாரு எங்களக் கத்தப்போறா? பேப்பர் போட்டுட்டாரே! மொதலாளி எம்மாம் சொல்லிப் பாத்தாரு, சம்பளம் ஏத்தித் தர்றேன்னுகூட சொன்னாரு. தெனம் போன் வேற. அண்ணன் கேக்கவேயில்ல. வூட்ல மேடம் தீவுல டீச்சரா போறாங்கனு எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாரு. உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

"தெரியும், தெரியும்" என்றேன். டீயைக் குடிக்க முடியவில்லை. நான் ஏஜென்ட்டிடம் பேப்பரைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த நாட்களில் இவர் ராஜினாமாவே எழுதிக் கொடுத்துவிட்டிருக்கிறார். முத்திரையை எங்கே குத்துவார்கள் என்று மனுஷனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், கம்பெனியிலிருந்து எடுத்து வந்திருந்த ஹீட் கன்னை, சூடான காற்றடிக்கிற துப்பாக்கி மாதிரியான கருவியை, சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். ஏற்கெனவே லேமினேட் செய்து வைத்திருந்த தன் டிப்ளமோவை எடுத்து முதலில் அதில் சோதித்துப் பார்த்தார். பிளாஸ்டிக் சுருண்டு, எழுத்தெல்லாம் அதோடு பிய்ந்து வந்துவிட்டது. "சூடு ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு அதை ஓரமாக வைத்தார். அப்புறம் சூட்டைக் குறைத்து, என் டிகிரியை எடுத்து, பிளேடால் மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார். மேல் மூலை லேசாக உரிந்ததோடு சரி. அந்த மூலை உரிந்த சான்றிதழைக் காட்டித்தான் இந்தத் தீவுப் பள்ளியில் பின்னால் சேர்ந்தேன்.

நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"பேப்பர் போட்டதை ஏன் என்கிட்ட சொல்லல?"

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

"சொல்லியிருந்தா நீ என்ன கேட்டிருப்ப? உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிடத்தான் அவசரமா வேலைய விட்டியானு கேட்டிருப்ப."

சேச்சே, அப்படியெல்லாம் கேட்பேனா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வியாழக்கிழமை அந்த டீக்கடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேனே, அதற்கப்புறம் பல்லாவரம் வந்து சேருவதற்குள் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"கேட்டிருப்பேன்" என்றேன்.

"தெரியும்" என்றவர், அடுத்த பேப்பருக்காகக் கையை நீட்டினார். அது என் பி.எட். ஒருமுறை தயங்கிவிட்டு, கொடுத்தேன்.