கழுவிக்கொண்டு வந்த கால்கள்

உபதேசியார் வேலை என்றால் ஜெபம் சொல்லும் வேலை என்று நம்பிச் சேர்ந்தவன் நான். நாற்காலி போடவும் ஆள் பிடிக்கவுமே தவக்காலம் சரியாய்ப் போகிறது. கோயில் வேலையில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

சாம்பல்

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காகப் பழைய குருத்தோலையை எரித்துச் சலிப்பது என் பாடு. திருவண்ணாமலையில் நெற்றியில் சாம்பல் இல்லாதவர்தான் அபூர்வம். ஆனாலும் லாட்ஜ் முதலாளி ஆரோக்கியசாமிக்கு ஒரு குறை. பூசை முடிந்ததும் என்னை ஓரமாய்க் கூப்பிட்டார்.

"சாமி ரொம்பக் கம்மியா வெச்சுட்டாரு உபதேசியாரே. கொஞ்சம் ஜாஸ்தியா வெய்யுங்க, நாலு பேருக்குத் தெரியணுமில்ல?"

கீழறை

படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோவதும் நான்தான். ஆரோக்கியசாமியின் அம்மா அவர் வீட்டுக் கீழறையில் கிடக்கிறார். கண் தெரியாது. மகன் குடும்பம் மாடியில். வேலைக்காரப் பெண் சோறு ஊட்டிவிட்டுப் போவாள். மகன் எட்டிப் பார்ப்பதில்லை. "பையன் வந்தாராம்மா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. அந்த அம்மா விரலை மேலே நீட்டினார்.

"அவன் நடக்கிற சத்தம் கேக்குதுங்க. அது போதும் எனக்கு."

பவுடர்

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவிய தாழ்மையை நினைத்துச் செய்யும் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். முதல் நாற்காலியில் கேட்காமலே ஆரோக்கியசாமி உட்கார்ந்துவிடுவார். மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் வேறு போட்டுக்கொண்டு வருவார்கள். மண்டியிட்ட பங்குச் சாமியார், ஆரோக்கியசாமியின் காலைப் பார்த்துவிட்டு என் காதோடு கேட்டார்.

"இதுல நான் எதைக் கழுவறது?"

பெரிய வெள்ளி

வியாழன் ராத்திரி பூசை முடிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியசாமியிடம், அவர் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன்.

மறுநாள் நற்கருணையோடு போனால், கீழறைத் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பக்கெட் தண்ணீர். வெடிப்பெல்லாம் அழுக்கேறிய அம்மாவின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார், நானும்தான். கண் தெரியாத அந்தத் தாய் கையை நீட்டி அவர் தலையைத் தடவினார்.

"யாருப்பா நீ? நல்லா இருப்பே. எம் பையன் மேலதான் இருக்கான். கேட்டா எதனா குடுப்பான், வாங்கினு போ."

அடுத்த வருஷமும் தாழ்மைக்கு முன்வரிசையில் நாற்காலி போடப்போகிறவன் நான்தான்.