ஹீலரை வைத்து ஒற்றைக்கு ஒற்றை

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு வக்கீல்களும் வழக்குக்காரர்களும் மொய்த்துக்கொள்வார்கள். மதியம் இரண்டுக்கு மேல் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான்கு மணி வரை கடையும் கம்ப்யூட்டரும் எனக்கு மட்டும்தான். அந்த நேரத்தில்தான் நான் தனியாகச் சண்டை போடக் கற்றுக்கொண்டேன்.

விளையாட்டில் என்னைச் சேர்த்துவிட்டது என் கணவர். தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலையேறும் ஜீப்பை ஓட்டுகிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால், அதில் அவர் வாள்வீரர். கோட்டை, காடு, பூதம், மந்திரம் என்று போகும் அந்த விளையாட்டில் எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் கூட்டு சேர்ந்து சண்டை போடுவார்கள். நான் சேர்ந்த அன்று எந்த வகை ஆளை எடுப்பது என்று கேட்டேன்.

"ஹீலர் எடுத்துக்க புள்ள. எனக்குப் பின்னால நின்னு, அடிபட்டா குணமாக்கிவிட்டாப் போதும்" என்றார்.

ஒரு வருடம் அப்படியே நின்றேன். அவர் முதுகைத் தவிர அந்த உலகத்தில் நான் அதிகம் எதையும் பார்க்கவில்லை. அதில் குறையாகவும் எதுவும் தோன்றவில்லை. ஒருநாள் மதியம், கடையில் சும்மா இருக்கிறோமே என்று, ஒற்றைக்கு ஒற்றை மோதும் களத்துக்குத் தனியாகப் போனேன். எதிரே வந்தவன் அசாசின். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து வந்து முதுகில் குத்துகிற வகை. கதவு திறந்தது, குத்து விழுந்தது, செத்தேன். முழுதாக இருபது விநாடிகூட ஆகியிருக்காது.

மைக்கில் அவன் குரல் கேட்டது. தமிழும் மலையாளமும் கலந்த குமுளிப் பேச்சு. அங்கே ஏலக்காய்க் கடை ஒன்றில் வேலை, சாப்பாட்டு நேரத்தில் ஆட வருகிறான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"சேச்சி, ஹீலர வச்சு ஒற்றைக்கு ஜெயிக்கான் பற்றில்லா, கேட்டோ. முடியாது. வேற ஆளை எடுத்துட்டு வாங்க."

அவன் கேலி செய்யவில்லை. நல்லதுக்குத்தான் சொன்னான். அதனால்தானோ என்னவோ எனக்குச் சுருக்கென்றது. வேறு வகை எடுத்து ஜெயிப்பதில் எனக்கு ஆசையே இல்லை. எந்த ஹீலரால் முடியாது என்றானோ அதே ஹீலரால் இவனை வீழ்த்த வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கணவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"ஹீலருக்கு எதுக்குப் புள்ள சண்டை?"



மறுநாளும் அவனோடு மோதினேன், அதற்கடுத்த நாளும். தோற்ற ஆட்டங்களை எல்லாம் பதிவு செய்து வைத்து, கடையில் கூட்டமில்லாதபோது மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். மை பரவி வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில், எந்த விநாடியில் அவன் என்ன செய்கிறான், நான் என்ன செய்கிறேன் என்று எழுதினேன். நான்கு தாள் நிரம்பியதும் என் தப்பு எனக்கே பளிச்சென்று தெரிந்தது.

அவன் முதல் குத்திலேயே என்னை நான்கு விநாடி உறைய வைப்பான். அதிலிருந்து விடுபட எனக்கு ஒரு மந்திரம் உண்டு. ஒருமுறை போட்டால் மறுபடி கிடைக்க இரண்டு நிமிடம் ஆகும். உயிர் குறைகிற பதற்றத்தில் அதை நான் உடனே போட்டுவிடுவேன். அவன் அதற்குத்தான் காத்திருப்பான். அடுத்து, இன்னும் நீளமாக உறைய வைப்பான். என் கையில் எதுவும் மிச்சமிருக்காது. ஆக, முதல் உறைவை வாங்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். பாதி உயிர் போகும், போகட்டும். இரண்டாவதுக்குத்தான் மந்திரம்.

சொல்வது சுலபம். மிச்ச உயிரைக் காட்டும் உயிர்க்கோடு சிவப்பாகிக்கொண்டே போகும்போது கீபோர்டு விசையிலிருந்து விரலை எடுத்து வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். அந்த விரலை அடக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. கடைசியில் இடது கையை முழங்காலுக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு பழகினேன்.

அதோடு தீரவில்லை. அவன் முதுகில் குத்தினால் இரட்டிப்பு அடி. ஆகவே களத்தின் தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். அவன் முன்னால் வந்தே ஆக வேண்டும். அப்படியும் தோற்றேன். அவனுக்கு உயிர் குறைந்ததும் மறைந்துபோய், மூலையில் நின்று தேறிக்கொண்டு திரும்பி வந்தான். இதற்கு மட்டும் வழியே தெரியவில்லை.

ஒரு மதியம் என் மந்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் சின்னதாக ஒரு நெருப்பு இருந்தது. பட்டவன் உடம்பில் பத்து விநாடி எரியும். அடி மிகக் குறைவு என்பதால் எந்த ஹீலரும் அதைத் தொடுவதில்லை, நானும் தொட்டதில்லை. அதன் கீழே ஒரு வரி இருந்தது. எரிந்துகொண்டிருப்பவனால் மறைய முடியாது. நாற்காலியை விட்டு எழுந்து, கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தேன். பிறகு உட்கார்ந்து, அந்த வரியை மறுபடி படித்தேன்.

அன்று அவன் வந்தபோது மணி இரண்டே கால். ஆட்டம் தொடங்கியதும் தூணுக்கு ஓடினேன். குத்து விழுந்தது. உறைந்தேன். சும்மா நின்றேன். சரியாக அந்த நேரத்தில் கடை வாசலில் ஒரு அம்மா, கையில் பத்திரக் கட்டோடு வந்து நின்றார்.

"ஏத்தா, இத மூணு காப்பி போடணும்."

"ரெண்டு நிமிசம் இருங்கம்மா."

அவர் கல்லாப் பக்கமாக எட்டித் திரையைப் பார்த்தார். குச்சனூரிலிருந்து பாகப்பிரிவினை வழக்குக்காக மாதம் தவறாமல் வருகிறவர்தான். "யாருத்தா அவென், ஒன்னையக் குத்திக்கிட்டே இருக்கான்? நீ எதுக்குச் சும்மா நிக்கிற?"

"இன்னும் கொஞ்சம் குத்தட்டும்மா."

இரண்டாவது உறைவு வந்தது. மந்திரத்தைப் போட்டு விடுபட்டு, அடி தாங்கும் கேடயத்தை முன்னால் எழுப்பினேன். அவனுடைய பெரிய அடிகள் எல்லாம் என் கேடயத்தில் விழுந்து வீணாயின. இனி அவனிடமும் ஒன்றும் இல்லை. திருப்பி அடிக்க ஆரம்பித்தேன். அவன் உயிர் கால்வாசிக்கு இறங்கியது. மறையப்போகிறான் என்று தெரிந்ததும் அந்தச் சின்ன நெருப்பைப் போட்டேன்.

அவன் மறையவில்லை. களத்தின் நடுவில் எரிந்துகொண்டே மூலைக்கு ஓடினான். துரத்திக்கொண்டு போனேன். அணைகிற சமயத்தில் மறுபடி நெருப்பு வைத்தேன். மூலையில் விழுந்தான். என் உயிர்க்கோட்டில் ஒரு நூல் அளவுதான் மிச்சம்.

"செத்துட்டானா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"செத்துட்டான்மா."

"நல்லது. காப்பியப் போடு."

மைக்கில் அவன், "சேச்சி, அந்த நெருப்பு எங்கன கிட்டி?" என்றான். நான் சொன்னேன். இன்னொரு ஆட்டம் கேட்டான். "நாளைக்கு வா தம்பி, கடையில ஆள் நிக்காக" என்றேன். பத்திரத்தை மெஷினில் வைத்தேன். முதல் காப்பி கோணலாக விழுந்து, மறுபடி போட வேண்டியதாயிற்று.

சாயங்காலம் கணவர் அந்தப் பதிவைப் பார்த்தார். முதல் உறைவில் நான் அசையாமல் நின்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை ஓடவிட்டார்.

"நானா இருந்தா அங்கனயே பதறியிருப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இனிமே எனக்கு ஹீல் போட வேற ஆளத்தான் பாக்கணும் போல."

"போடுறேன். ஆனா நான் களத்துல இருக்கும்போது கூப்பிடாதீக."

பிறகு, விளையாட்டில் நாங்கள் சேர்ந்து ஆடும் குழுவிலிருந்து ஒற்றைக்கு ஒற்றைப் போட்டிக்கு மூன்று பேரை அனுப்பினார்கள். என் பெயரைச் சொன்னது என் கணவர்தான். ஹீலரா என்று இரண்டு பேர் கேட்டார்கள். "ஆமா, ஹீலர்தான்" என்றதற்கு மேல் அவர் விளக்கம் சொல்லவில்லை. முதல் சுற்றில் ஒரு அசாசினை ஜெயித்தேன். இரண்டாம் சுற்றில் வந்தவள் வில்லாளி. கிட்டேயே வராமல் தூரத்திலிருந்து எய்துகொண்டே இருந்தாள். தூண் உதவவில்லை, நெருப்பு எட்டவில்லை. தோற்றுப்போனேன்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் மதியம் அந்த வில்லாளிக்கே செய்தி அனுப்பி, தினமும் என்னோடு ஒரு ஆட்டம் ஆட முடியுமா என்று கேட்டேன். சரி என்றாள். இதுவரை பதினோரு ஆட்டம் ஆடியிருக்கிறோம். பதினொன்றிலும் தோற்றிருக்கிறேன். முதல் ஆட்டத்தில் அரை நிமிடம் நின்றேன். நேற்று நான்கு நிமிடம்.