ஸ்மிலியா போலி என்று சொன்ன கோட்டு

நீஷ் நகரத்து ஞாயிற்றுச் சந்தையில், பட்டாளத்து உடுப்பு ஒன்றை ஸ்மிலியா அசல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சீருடை ஆலையில் பல வருடம் தைத்த பெண்மணி. ஆலையை மூடியதும் பழைய பட்டாளத் துணிகளோடு சந்தைக்கு வந்துவிட்டார். முகர்ந்து பார்ப்பார், விரலால் தடவுவார், சொல்லிவிடுவார். ஆனால் இந்தக் காலத்து ஆட்களுக்கு மூக்கின் மேல் நம்பிக்கை போதவில்லை. அதனால் இந்தக் கோடையில் ஓர் ஊதா விளக்கு வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் வந்த துணியில் வெண்மைக்காகச் சேர்த்த ரசாயனம் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். போர்க்காலத்துப் பருத்தி மங்கிக் கிடக்கும். வேடிக்கை பார்க்கவே கூட்டம் சேர்ந்தது.

பஸ் ஓட்டுநர் ராதோமிர், பழந்துணிக் குவியலில் கிடைத்த ஒரு கோட்டைக் கொண்டுவந்தார். மலைகளில் ஜெர்மானியரோடு சண்டை போட்ட பார்ட்டிசான் கொரில்லா வீரர் ஒருவருடையது என்பது அவர் நம்பிக்கை. அவருடைய ஊர் மன்றத்துக் கண்ணாடிப் பெட்டியில் அதை வைக்க வேண்டும் என்று ஆசை.

ஸ்மிலியா தலையோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு விளக்கைப் போட்டார். கோட்டு நிலாப் போல ஒளிர்ந்தது.

"சினிமாவுக்குத் தைச்சது தம்பி. இதப் போட்டிருந்தவன் காலையில நாலு தடவ செத்துட்டு மத்தியானம் சூப் குடிக்க வீட்டுக்குப் போயிருப்பான்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ராதோமிர் கோட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்மிலியா வீட்டில் ஒரு பெல்ட்டைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, விளக்கின் ஓரத்தில் தலையணை உறை பளிச்சென்று நீலமாக எரிந்தது. மாமியாரின் கல்யாணச் சீரில் வந்த உறை. போருக்கு முன்னால் நெய்தது. போன வாரம் சோப்புத்தூள் போட்டுத் துவைத்தது. அப்படியானால் அந்த வெண்மை ரசாயனம் தூளிலும் இருக்கிறது.

உடனே ராதோமிருக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்தக் கோட்டைத் துவைச்சீங்களா?"

"எங்கக்கா மிலுங்கா விடுவாளா? சந்தையில வாங்கினது எதுவும் துவைக்காம அவ வாசல்படி தாண்டாது. சோப்புத்தூள் போட்டு மூணு தடவ துவைச்சா."

"இப்ப எங்க அது?"

"என் மேலதான். பிளம் சாராயம் காய்ச்சுறோம். சினிமாக் கோட்டுதானே, கரி பட்டா என்ன?"

கணவர் வுயாதினை வண்டியை எடுக்கச் சொன்னார்.

முற்றத்தில் செப்புக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்மிலியா கோட்டைக் கழற்றச் சொல்லி உள்புறம் திருப்பினார். விளக்கை எடுத்து வரவில்லை. அக்குளில் ஒட்டுத்துணி ஒன்று விரலில் தட்டியது. படத்துக்குத் தைப்பவர்கள் ஒட்டை வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி வைப்பார்கள். இது உள்ளே இருந்தது. தோலில் உரசாதபடி ஓரங்களை மடக்கி, மெத்தென்ற பக்கத்தை உடம்பை நோக்கி வைத்துத் தைத்திருந்தது. இதைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்த யாரோ தைத்த தையல்.

கைப்பகுதியில் புதிதாக ஒரு கருகல் ஓட்டை.

"இப்பத்தான் பொறி பட்டுச்சு," என்றார் ராதோமிர்.

"அசல்தான் தம்பி."

"உங்க விளக்கு பொய் சொல்லிச்சாக்கும்?" என்று அடுப்படியிலிருந்து ஒருவர் சீண்டினார்.

"விளக்குக்கு வாய் ஏது? நான்தான் தப்பாச் சொன்னேன்."

மிலுங்கா பதறினாள். "ஐயோ, நான் துவைச்சதாலயா?"

"நீ துவைச்சே. கேக்காதது நான்."

ராதோமிர் சிரிக்கவில்லை. "இங்க நாலு பேர் முன்னாடி சொல்றீங்கக்கா. காலையில சந்தையே சிரிச்சுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்மிலியா அந்தக் கோட்டைக் கருகல் தெரியக் கடை முகப்பில் தொங்கவிட்டார். ராதோமிரைப் பக்கத்தில் நிறுத்தி, வருகிறவர்களிடமெல்லாம் தான் செய்த தவறைச் சத்தமாகச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர் கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

கோடையில் அவர் போலி என்று தள்ளிய தொப்பியோடு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அதை மேசையில் வைத்தார்.

"அப்ப இது? எங்கம்மாவும் துவைச்சாங்க."

அவருக்குப் பின்னால் இன்னொருவர் இடுப்பு பெல்ட்டை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். ஸ்மிலியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொப்பியின் உள்விளிம்பைத் திருப்பினார்.